மலை எல்லோருக்கும் பொது: பொன்முடிச் சாலையின் சிறு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, சேட்டன்மாரே, சேச்சிமாரே,

கல்லாற்றங்கரையில் தட்டுக்கடை போட்டிருப்பவர்கள், விதுராவில் வீட்டின் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டே ஆக்கியிருப்பவர்கள், தேயிலையைக் கால் கிலோப் பொட்டலமாகக் கட்டி விற்பவர்கள், காட்டுத் தேனையும் குருமிளகையும் குப்பியில் அடைத்து வைப்பவர்கள் என்று உங்கள் எல்லோருக்குமான மடல் இது. கடைக்குப் பலகை எழுதுவதும் பொட்டலத்துக்குப் படம் போடுவதும் என் தொழில். உங்களைப் போன்றவர்கள் இப்போது அதிகம் கேட்பது லோகோ. கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தால் ஒரு படம் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தால் அங்கேயும் ஒரு சின்ன வட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. பொட்டலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வேண்டும். என்ன படம் போடலாம் என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஒரு மலை, பின்னால் சூரியன், முன்னால் வளைந்து ஏறும் சாலை, ஓரத்தில் கொஞ்சம் மேகம்.

ஆசை நியாயமானதுதான். 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்கு ஆட்கள் வருவதே அந்த மலைக்காகத்தான். ஆனால் உங்கள் எல்லோருடைய பலகையிலும் அதே மலை நின்றால், அது ஊரைக் காட்டுமே தவிர எந்தக் கடையையும் காட்டாது. ஊருக்கு வழி தெரிந்துதான் வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது, போன தடவை நல்ல தேன் வாங்கியது எந்தக் கடையில் என்பது. சின்னம் இருப்பது அந்த ஒரு வேலைக்குத்தான்: பத்துப் பேர் நிற்கிற இடத்தில் இன்னார் என்று உங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். எத்தனை கோடு, என்ன நிறம், எந்த எழுத்து என்கிற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். நம் மளிகைக் கடைப் பேச்சே போதும். அணில் சேமியா கொடு, சைக்கிள் பத்தி கொடு என்றுதான் கேட்கிறோம். முதலாளி யார், கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தேவையே படவில்லை. சைக்கிள் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் மைசூரில் என். ரங்கா ராவ் தொடங்கிய தொழில் அது. தமிழில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் சைக்கிள் சைக்கிள்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிடுவார். வாயால் கேட்டவுடன் கடைக்காரர் கை சரியான பெட்டிக்குப் போய்விடும். சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் பறவையும் மிருகமும் பழமும் பூவுமாக இருந்ததும் இதே காரணத்தால்தான். கிராமத்துப் பெட்டிக்கடையில் அவற்றைப் படத்தின் பெயர் சொல்லித்தான் கேட்டார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் நம் வாக்குச்சாவடியில் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அந்த நிலையில் 1951-52ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வேட்பாளர் பெயரை அச்சடித்து நீட்டிப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். கதிர் அரிவாள், இரட்டைக் காளை என்று உழவர்கள் தினமும் பார்க்கும் பொருள்களே சின்னங்களாயின. பின்னாளில் தேர்தல் ஆணையத்துக்காக எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர் பென்சிலால் வரைந்து கொடுத்த படங்கள் ஏராளம். அவர் 1992-ல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கோடுகள் இன்னும் தேர்தல்தோறும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்தப் படங்களில் நிழல் இல்லை, மினுமினுப்பு இல்லை, பின்னணிக் காட்சி இல்லை. ஒரு பொருள், ஒரு பார்வைக் கோணம், கறுப்புக் கோடு, அவ்வளவுதான். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிற கம்பெனிகள் தேடுகிற எளிமையை, அரசாங்க மேசையில் உட்கார்ந்து ஒருவர் பென்சிலால் கொண்டுவந்துவிட்டார்.

ஆகவே உங்களுக்கு முதல் சோதனை இது. வரைந்த படத்தைக் காட்டாமல் வாயால் சொல்லிப் பாருங்கள். நெடுமங்காட்டில் இருக்கிற ஓர் அக்கா தன் தங்கைக்குப் போனில், "பொன்முடி போற வழியில குடைப்படம் போட்ட கடை இருக்கும், அங்க மட்டும் தேன் வாங்கு" என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் உங்கள் சின்னம் பாதி வேலையை முடித்துவிட்டது. "மலை மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்குப் பின்னால வட்டமா ஒண்ணு, பச்சையும் மஞ்சளும் கலந்து…" என்று இழுத்தால் அந்தத் தங்கை பக்கத்துக் கடையில்தான் வாங்குவாள்.

எந்தப் படம் என்பதற்கு அடுத்து எல்லோரும் கேட்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று. இதில் நீங்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். உங்களில் எஸ்டேட் லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மலைக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு இரட்டை இலை என்றால் எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருவார். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் நின்று வென்ற சின்னம் அது. மலைக்கு இந்தப் பக்கம் அதே இரட்டை இலை கேரள காங்கிரஸ் (எம்) கட்சியின் சின்னம். இங்கே அதைப் பார்க்கிறவருக்குக் கே.எம். மாணி நினைவுக்கு வருவார். சைக்கிளும் இப்படித்தான்: உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதிக்கு, ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்துக்கு. கோடு ஒன்று, இலை ஒன்று. பின்னால் நின்ற ஆட்கள் வேறு, அவர்கள் செய்த காரியம் வேறு. படத்துக்குள் அர்த்தத்தை முன்கூட்டியே அடைத்து வைக்க முடியாது. நீங்கள் நடந்துகொள்கிற விதம்தான் நாளடைவில் அதன் அர்த்தமாகிறது.

இன்னொரு சாட்சி ஸ்டேட் வங்கி. நீல வட்டம், நடுவில் ஒரு சிறு வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கீற்று. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்து 1971-ல் வந்தது. சாவித்துளை என்பார் ஒருவர். பெரிய வங்கிக்கு நடுவில் நிற்கிற சாதாரண மனிதன் என்பார் இன்னொருவர். அகமதாபாத் கன்காரியா ஏரியை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று கதை சொல்கிறவர்களும் உண்டு. வங்கிக்கு இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அவசியம் இல்லை, ஏனென்றால் எல்லோரும் வட்டத்தைப் பார்த்தவுடன் ஸ்டேட் வங்கி என்று சொல்லிவிடுகிறார்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று அதோடு இணைந்தபோது பலகையில் பெயர் மாறியது. அதே நீல வட்டத்தைத்தான் ஏற்கெனவே அந்த வங்கியும் வைத்திருந்தது. எனவே வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கியைத் தேடி அலைய நேரவில்லை.

ஒரே சின்னத்துக்குள் தேயிலையும் மீன்முட்டி அருவியும் வளைவுச் சாலையும் மலபார் வேழாம்பலும் காட்டானையும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஐந்தையும் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. உங்கள் கதையைச் சொல்லப் பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கிறது, உங்கள் வாய் இருக்கிறது. சின்னத்துக்கு ஒரு பொருள் போதும். அது மலையோடு சம்பந்தப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சேமியாவுக்கும் அணிலுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய பலா நின்றால் பலா. தாத்தா எஸ்டேட்டில் தூக்கிக்கொண்டு திரிந்த கூடை இருந்தால் கூடை. அம்மிக்கல்லில் அரைத்துச் சமைப்பதுதான் உங்கள் பெருமை என்றால் அம்மி. பக்கத்துக் கடைக்காரரால் எடுத்துக்கொள்ள முடியாத, எடுத்தால் ஊரே சிரிக்கக்கூடிய ஒன்றாக இருந்தால் அதுவே நல்லது.

இரண்டாவது சோதனை கை. சின்னத்தை ஒரு தடவை பார்த்த பத்து வயதுப் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அப்படியே வர வேண்டாம், அடையாளம் தெரிந்தால் போதும். ரூபாய்க் குறியை நினைத்துப் பாருங்கள். அதை வடிவமைத்தவர் நம் டி. உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துகளைப் பற்றி ஆய்வு செய்தவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு அதை ஏற்றது. தேவநாகரி ர எழுத்தும் ரோமன் எழுத்தின் ஆரும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, மேலே இரண்டு கோடுகள். கொள்கையாக அதைப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம். 2025-ல் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் அதை விட்டு 'ரூ' போட்டதும் பெரிய பேச்சானது. ஆனால் தொழில்காரனாகப் பார்த்தால் ஒரு விஷயம் மறுக்க முடியாதது: விலைப்பலகையில் சாக்பீஸால் எழுதுகிற காய்கறிக்காரர் யாரிடமும் பயிற்சி எடுக்காமல் அதை எழுதிவிட்டார். கம்ப்யூட்டரில் பிறந்த குறி சாக்பீஸிலும் பிழைத்தது. கைக்கு அடங்குவதே ஒரு சின்னத்தின் பலம்.

மூன்றாவது சோதனையை உங்கள் மலையே வைக்கிறது. இங்கே மூடுபனி இறங்கினால் எதிரே வரும் பஸ்ஸே தெரியாது. வெள்ளைப் பலகையில் மஞ்சள் எழுத்தும், வெளிர்பச்சைப் பின்னணியில் கரும்பச்சை மலையும் அந்தப் பனியில் முதலில் மறைபவை. கறுப்பின்மேல் மஞ்சள், நீலத்தின்மேல் வெள்ளை, வெள்ளையின்மேல் அடர்சிவப்பு, இப்படி வெளிச்சமும் இருட்டுமாக எதிரெதிரே நிற்கிற இரண்டு நிறங்கள் போதும். மழையும் இங்கே சாதாரணமாகப் பெய்வதில்லை. நிறத்துக்குள் நிறம் கரைந்து போகிற மாதிரி அச்சடித்த பலகை இரண்டு மழைக்காலம் தாங்காது. ஒற்றை நிற எனாமல் பெயின்ட் தாங்கும், வெளுத்தாலும் அதே நிறத்தால் மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம்.

ஒற்றை நிறத்துக்கு வேறு காரணமும் உண்டு. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. காகிதக் கவரும் துணிப்பையும்தான் உங்கள் பொட்டலம். அதில் நான்கு நிற அச்சுப் போட்டால் பையின் விலை உள்ளே இருக்கிற மிளகோடு போட்டி போடும். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து மைப்பெட்டியில் தொட்டுக் குத்தினால் ஆயிரம் கவருக்கும் அதே செலவு. எனவே சின்னத்தை முதலில் கறுப்பில் மட்டும் வரையச் சொல்லுங்கள். கறுப்பில் நிற்காத சின்னம் நிறத்திலும் நிற்காது. அதையே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்கள். போனில் தெரிகிற வட்டம் அந்த நாணயத்தைவிடச் சின்னது.

நிறத்தை மட்டுமே நம்பக்கூடாது என்பதற்கு உங்கள் பொட்டலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சைவ உணவுக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று வெகுகாலம் இருந்தது. வடிவம் ஒன்று, நிறம்தான் வேறு. நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக்கியது. பச்சை தெரியாவிட்டாலும் வட்டமா முக்கோணமா என்று தெரிந்துவிடும். உங்கள் சின்னத்திலும் நிறத்தை எடுத்துவிட்டால் அடையாளம் மிஞ்ச வேண்டும்.

எழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் பலகையை மலையாளத்தில் படிப்பவர் உண்டு, தமிழில் படிப்பவர் உண்டு, ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவரும் உண்டு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தபோது பல நாட்டு வீரர்கள் வந்தார்கள். அவர்களில் சிலருக்கு மூன்றும் கோலம்தான். அப்படிப்பட்ட சாலையில் படம் தனியாகவும் பெயர் தனியாகவும் இருக்கட்டும். படம் மூன்று மொழிக்கும் ஒன்று. பெயரை அதன் பக்கத்திலோ கீழேயோ தேவையான மொழியில் வைத்துக்கொள்ளலாம். மலையாள எழுத்து உருண்டு ஓடும். தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். இரண்டையும் ஒரே உயரப் பட்டைக்குள் அமுக்கினால் தமிழ் நசுங்கும். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பிடித்து இழுத்துப் பருமனாக்குவதும் வேண்டாம், அதற்கென்றே தடித்த எழுத்துருக்கள் இருக்கின்றன. வளைவில் திரும்புகிற வண்டிக்காரருக்கு உங்கள் பலகையைப் பார்க்கக் கிடைப்பது இரண்டு மூன்று நொடிதான். கடைப் பெயரை அந்த நேரத்தில் படித்துவிட வேண்டும். போன் நம்பரையும் எட்டு வகைச் சாப்பாட்டுப் பட்டியலையும் கடைக்குள் எழுதிக்கொள்ளலாம்.

சிலருக்குச் சின்னம் கம்பீரமாக, அரசு முத்திரை மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முத்திரை வேறு, கடைச் சின்னம் வேறு. 1949-ல் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்த கோபுர முத்திரை தமிழக அரசுக்கு இன்றும் நிற்கிறது. கேரள அரசு முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவில் சங்கு இருக்கிறது. அவற்றில் நுணுக்கமான வேலை நிறைய உண்டு. அவை அரசாணையில் நின்று அதிகாரத்தைச் சொல்ல வேண்டியவை, சாலையில் நின்று ஆளைக் கூப்பிட வேண்டியவை அல்ல. இந்திய அரசு முத்திரையான நான்முகச் சிங்கத்தை வணிகத்துக்கு எடுத்தாள்வதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் தேன் குப்பியில் சிங்கத்தை உட்கார வைத்து வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வழக்கு என்றவுடன், பலரும் தள்ளிப்போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்களை மலைக்கு ஏற்றி இறக்குகிற கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பெயருக்கே வருஷக்கணக்கில் தகராறு நடந்தது. கேரளப் போக்குவரத்துக் கழகம் 1965 முதல் இருக்கிறது. மைசூர் மாநிலம் 1973-ல் கர்நாடகம் ஆனபோது அங்கிருந்த கழகத்துக்கும் அதே ஐந்து எழுத்து அமைந்தது. முதலில் வணிகக் குறியாகப் பதிவு செய்தது கர்நாடகம். 2014-ல் அந்தப் பெயரை உபயோகிக்காதீர்கள் என்று கேரளத்துக்கு நோட்டீஸும் அனுப்பியது. இழுபறிக்குப் பிறகு 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இரண்டு அரசுக் கழகங்களுக்கே இந்தப் பாடு என்றால் தெருவோரக் கடைக்கு எப்படி இருக்கும்?

இதைவிட வலிக்கிற கதை உங்கள் காட்டிலேயே நடந்தது. 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன தாவரவியலாளர் புஷ்பாங்கதனும் அவரோடு சென்ற ஆய்வாளர்களும், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடப்பதைக் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது, அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியோடு பலனைப் பகிர்ந்துகொண்ட முன்மாதிரி என்று உலகமே பேசியது. ஆனால் ஜீவனி என்ற பெயரை வெளிநாடுகளில் பதிவு செய்து காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரைத் தன் வணிகக் குறியாக அங்கே பதிவு செய்துகொண்டது. அறிவு காணிகளுடையது, ஆய்வு பாலோட்டினுடையது, அமெரிக்கச் சந்தையில் பெயர் மட்டும் இன்னொருவர் கையில்.

உங்களுக்குத் தேவையான சட்டம் சுருக்கமானது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வணிகக் குறிப் பதிவகம் சென்னையில் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தேயிலை, தேன், மிளகெல்லாம் 30-ஆம் வகுப்பு. சாப்பாடும் தங்குமிடமும் 43. பதிவு பத்து வருஷத்துக்கு நிற்கும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ஆர் போடுவதைச் சட்டம் தடுக்கிறது. படம் வரைந்தவரிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டால் எழுதிக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. போன் ஆப்பில் இலவசமாகக் கிடைக்கிற மாதிரிப் படத்தை எடுத்தீர்கள் என்றால், அதே படத்தை இன்னும் எத்தனையோ பேர் எடுத்திருப்பார்கள். அதை உங்களுடையது என்று சொல்லி யாரையும் தடுக்க முடியாது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிற குறியைத் தனியொருவருக்குப் பதிவு செய்ய 1999 வணிகக் குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பொன்முடித் தேயிலை என்றும் பொன்முடித் தேன் என்றும் எல்லோரும் எழுதலாம். அதனால்தான் அதற்கு மேல் உங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்கிறேன்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1952-ல் வாங்கிய கதிர் அரிவாளை இன்னும் வைத்திருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக பிளந்தபோது இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஓர் அணி சேவலிலும் இன்னோர் அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஆட்சி திமுகவுக்குப் போனது. தோற்றதற்குச் சின்னம் மட்டுமே காரணம் இல்லைதான். ஆனால் ஒன்றுசேர்ந்தவுடன் இரண்டு அணிகளும் இரட்டை இலையைத்தான் திரும்பப் பெற்றன. வருஷத்துக்கு ஒரு சின்னம் மாற்றுகிற கடைக்கு ஒவ்வொரு வருஷமும் புதுக் கடையின் மரியாதைதான் கிடைக்கும். உங்களுக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகிற காலத்தில்தான் வாடிக்கையாளருக்கு அது பழகத் தொடங்கும். சலிப்பு வந்தால் கடைக்கு வெள்ளையடியுங்கள், சின்னத்தைத் தொடாதீர்கள்.

பொருளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. சின்னம் நல்ல கடையை மட்டும் அடையாளம் காட்டாது, மோசமான கடையையும் அதே தெளிவோடு காட்டிக் கொடுக்கும். சர்க்கரைப் பாகு கலந்த தேனுக்கு நல்ல சின்னம் போட்டால், அடுத்த முறை அந்தக் குப்பியைத் தவிர்ப்பது எல்லோருக்கும் சுலபமாகிவிடும். தேனைச் சுத்தமாக வையுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் அந்த மலையை யாருமே வரையக்கூடாதா என்று கேட்பீர்கள். எல்லோரும் சேர்ந்து வரையுங்கள் என்கிறேன். டார்ஜிலிங் தேயிலைக்கு ஒரு பொதுச் சின்னம் உண்டு: கையில் தேயிலைக் கொழுந்தோடு ஒரு பெண்ணின் முகம். அது எந்தத் தோட்டத்துக்கும் சொந்தம் இல்லை, தேயிலை வாரியத்தின் பெயரில் சான்றுக் குறியாகப் பதிவாகியிருக்கிறது. டார்ஜிலிங் தேயிலைதான் 2004-05ல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாகவும் பதிவானது. அங்கே தோட்டங்கள் தங்கள் தங்கள் பெயரோடு இந்தப் பொதுக் குறியையும் போட்டுக்கொள்கின்றன. பெயர் ஆளைச் சொல்கிறது, பொதுக் குறி தரத்துக்கும் ஊருக்கும் சாட்சி சொல்கிறது. உங்களுக்கும் அதுபோல ஒன்று இருக்கலாம். குடும்பஸ்ரீக் குழுக்களும் வன சம்ரக்ஷண சமிதியும் பஞ்சாயத்தும் கடைக்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, பொன்முடிக்கு ஒரு மலைச்சின்னத்தை முடிவு செய்யுங்கள். இந்த மலையில் விளைந்தது, கலப்படம் இல்லாதது, குப்பையைக் காட்டில் போடாத கடை என்று நாலு நிபந்தனை எழுதுங்கள். நிறைவேற்றுகிறவருக்குக் கொடுங்கள், மீறுகிறவரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். திரும்ப வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லாத பொதுச் சின்னம் வெறும் ஸ்டிக்கர்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஓணக் கூட்டம் வருவதற்குள் பொதுச் சின்னத்தைப் பற்றி ஒரு தடவையாவது கூடிப் பேசுங்கள். அதுவரை உங்கள் கடைக்கு வாயால் சொல்லக்கூடிய, கையால் வரையக்கூடிய, ஒற்றை மையில் குத்தக்கூடிய ஒரு பொருளை வீட்டிலேயே தேடிப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் உங்கள் கடையை ஏற்கெனவே என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள் என்று பஸ் கண்டக்டரையும் ஆட்டோக்காரரையும் கேளுங்கள். பலாமரத்துக்கடை, நீலக்கதவு வீடு என்று ஊர் உங்களுக்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தால் சின்னம் கிடைத்துவிட்டது. அதை வரைந்து தர என்னைப் போன்றவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது, அதிகம் கூலி கேட்கவும் எங்களுக்கு நியாயம் இருக்காது.

அன்புடன்,
பலகை எழுதிப் பிழைக்கும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்